ரிட்டயர் ஆன போலீஸ் கார்: ஃபேக்டரியிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரி ஆக்க வேண்டும்

வெள்ளைக்கதவு:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஏலத்தில் ஒரு 2008 ஃபோர்டு க்ரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர் எடுத்தேன். வின் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) ஐந்தாவது இடத்திலிருந்து பி71 என்று இருக்கிறது, அதனால் அசல் போலீஸ் பேக்கேஜ்தான். உடம்பு கருப்பு, நாலு கதவும் வெள்ளை. ஓடியது 96,000 மைல். இன்ஜின் முதல் சாவியிலேயே எடுத்துவிட்டது, கியர் இழுக்காமல் விழுகிறது, அடிச்சட்டத்தில் பெரிய துரு இல்லை.

பிரச்சினை மற்றதில்தான். லைட் பார், சைரன், ரேடியோ, பின்சீட்டுக் கூண்டு எல்லாவற்றையும் ஏலத்துக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். கழற்றினார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. கையில் கட்டரை வைத்துக்கொண்டு நறுக்கியிருக்கிறார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் வெட்டின ஒயர் நுனிகள் விரலில் குத்துகின்றன. கூரையில் மூன்று ஓட்டை, டிக்கி மூடியில் ஒன்று, டிரைவர் பக்கக் கண்ணாடித் தூணில் ஒன்று. தூணில் உள்ளதை சிலிகான் வைத்து அடைத்திருக்கிறார்கள். வலது ஃபெண்டரில் ஸ்டிக்கரை உரித்த பிறகும் வண்டி எண் பேய் மாதிரி தெரிகிறது.

எனக்கு இதை ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவர வேண்டும். இதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி நான் போலீஸ் வேஷம் போடப் போவதில்லை, சாதாரண வீட்டுக் காராக மாற்றவும் விருப்பம் இல்லை. எங்கே தொடங்கலாம்?

ரோந்து_ஓய்வு:

வாழ்த்துகள் தம்பி. நான் ஒரு காவல்துறை கேரேஜில் பல வருஷம் ஸ்பானர் பிடித்தவன். இந்த வண்டிகளைப் புதிதாக இறக்கியிருக்கிறேன், வேலை முடிந்து ஏலத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். தொடங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். போலீஸ் காருக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து வெளியே வந்த நாள். இன்னொன்று, உபகரணம் பொருத்துகிறவர் கடையிலிருந்து விளக்கும் சைரனும் மாட்டிக்கொண்டு வந்த நாள். நீங்கள் கேட்பது முதல் நாள். அன்றைக்கு இதில் லைட் பார் கிடையாது, கூண்டு கிடையாது, முன் புஷ் பார் கிடையாது, கதவில் எழுத்தும் கிடையாது.

ஆனால் அன்றைக்கே இதில் இருந்தவை நிறைய. அதைப் பலர் தெரியாமல் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இன்ஜின் ஆயில் கூலர், கியர்பாக்ஸுக்குத் தனி கூலர், கனமான ஸ்பிரிங், அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டர், 140 மைல் வரை எண் போட்ட சான்றளித்த ஸ்பீடோமீட்டர், 17 அங்குல இரும்புச் சக்கரம், ரெசனேட்டர் (சத்தத்தைக் குறைக்கும் துணைக் குழாய்) இல்லாத இரட்டைப் புகைக்குழாய், பின்னால் வினைல் சீட், தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர். இதெல்லாம் ஃபேக்டரி. ‘ஐயோ, தரை ரப்பராக இருக்கிறதே’ என்று வீட்டு உபயோக மாடலிலிருந்து கம்பளமும் துணி சீட்டும் வாங்கிப் போட்டீர்கள் என்றால் வண்டி அசலுக்குத் திரும்பவில்லை, வேறு வண்டியாகிவிட்டது. பி73, பி74 என்று வருபவைதான் வீட்டுக்கு விற்றவை. உங்களுடையது அது இல்லை.

முதல் வேலை: எதையும் கழற்றாதீர்கள். போட்டோ எடுங்கள். ஓட்டைக்கு ஓட்டை, ஒயருக்கு ஒயர்.

புதுசாவி:

அண்ணே, ஒரு சந்தேகம். இத்தனை பாடுபட்டு ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோனால் கடைசியில் பார்க்க ஒரு சாதாரண கருப்பு செடான்தானே நிற்கும்? அந்தக் கால லைட் பார், சைரன் பெட்டி, கதவு எழுத்து எல்லாம் தேடிப் பிடித்து, வேலையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கினால் அதுதான் வரலாறு என்று நினைக்கிறேன். இந்தக் காரை மக்கள் நினைவில் வைத்திருப்பதே அந்த உருவத்தில்தானே?

கேப்ரிஸ்96:

புதுசாவி தம்பி, நீங்கள் சொல்வது தப்பில்லை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அழகாகச் செய்கிறார்கள். ஆனால் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கலிஃபோர்னியாவில் வாகனச் சட்டம் 27605ஆம் பிரிவு, காவல்துறை வண்டி மாதிரி தோன்றும்படி பெயின்ட் அடித்த காரை வைத்திருப்பதையும் ஓட்டுவதையும் தடுக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் விதி வேறு, விளக்கின் நிறத்துக்குத் தனி விதி. கருப்பும் வெள்ளையுமாக வீட்டு வாசலில் நிறுத்துவதற்கு முன் உங்கள் மாநில விதியை வரிக்கு வரி படியுங்கள். ராத்திரியில் தனியாக ஓட்டி வரும் பெண் ஒருத்தி, பின்னால் வருவது நிஜப் போலீஸா இல்லையா என்று பயந்துபோய் ஓரம் கட்டுவதற்கு என் கார் காரணமாக இருக்கக் கூடாது. நான் ஃபேக்டரி நிலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் பெரிய காரணம்.

என்னிடம் இருப்பது 1996 ஷெவர்லே கேப்ரிஸ் 9சி1, அதாவது அதன் போலீஸ் பேக்கேஜ். 5.7 லிட்டர் எல்டி1 இன்ஜின், 260 குதிரைசக்தி. அதே வருஷக் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த மாடலை நிறுத்திவிட்டது. அதன் பிறகுதான் ரோந்து வேலை பெரும்பாலும் க்ரவுன் விக் பக்கம் போனது. என் காரின் டிக்கி மூடிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர், அதில் மூன்றெழுத்துக் குறியீடுகளாக அந்த வண்டிக்கு ஆலை போட்ட அத்தனையும் இருக்கும். நான் வேலை செய்த நாலு வருஷமும் அந்த ஸ்டிக்கர்தான் எனக்கு நீதிபதி. அதில் இருந்தால் காரில் இருக்கும், இல்லை என்றால் கழற்றிவிடுவேன்.

வெள்ளைக்கதவு, ஃபோர்டுக்கு அந்த மாதிரி முழுப் பட்டியல் வண்டியில் ஒட்டியிருக்காது. கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் பெயின்ட் குறியீடும் ஆக்சில் குறியீடும் கிடைக்கும், அவ்வளவுதான். மீதிக்கு மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸிடம் அறிக்கை கேளுங்கள். 1967இலிருந்து ஃபோர்டு தயாரிப்புப் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. வின் எண்ணைக் கொடுத்தால் என்ன ஆர்டர் செய்தார்கள் என்று வரும். அது வரும்வரை எந்த ஓட்டையையும் மூட வேண்டாம்.

வெள்ளைக்கதவு:

அக்கா, ரொம்ப நன்றி. அறிக்கைக்கு எழுதிவிட்டேன். புதுசாவி, உங்கள் ஆசை புரிகிறது, எனக்கும் ஒரு நிமிஷம் அந்த ஆசை வந்தது. ஆனால் ஆலையில் இதை வடிவமைத்தவர்கள் வெளியே தெரியாமல் உள்ளே வைத்த வேலை என்னை இழுக்கிறது. ‘சாதாரண கருப்பு செடான்’ என்று பார்க்கிறவர் சொல்லிவிட்டு, குனிந்து ஆயில் கூலரைப் பார்த்துவிட்டு நிமிர வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும்.

அறிக்கை வருவதற்குள் ஒயரிங்கில் கை வைக்கலாமா? மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி சோர்ந்து போகிறது, ஏழாம் நாள் செத்தே விடுகிறது.

கம்பிச்சிக்கல்:

கை வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். வெட்டின ஒயர் உயிரோடு தொங்கினால் அது வெறும் அசிங்கம் இல்லை, தீ விபத்து.

முதலில் கசிவை அளந்து பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி இடையில் மல்டிமீட்டரை ஆம்பியரில் போட்டு, எல்லாக் கதவையும் மூடி, அரைமணி நேரம் தொடாமல் விடுங்கள். மாட்யூல்கள் (வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) தூங்கப் போக அந்த நேரம் வேண்டும். அதற்கப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. உங்களுடையது நிச்சயம் அதற்கு மேலே நிற்கும்.

இந்த வண்டிகளில் ஒயர் மூன்று வகை. ஆலை போட்டது, ஆலை போலீஸ் உபயோகத்துக்கென்றே காலியாக விட்டது, பொருத்தினவர் பின்னால் இழுத்தது. நடுவில் உள்ளதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். வேலை சுலபமாகட்டும் என்று ஃபோர்டே ஃப்யூஸோடு மின் இணைப்புகளை எடுத்து நுனியில் மூடி போட்டுத் தயாராக வைத்திருக்கும். அது எங்கேயும் போகாமல் தொங்குகிறதே என்று அறுத்துவிடாதீர்கள், அது உங்கள் காரின் பிறப்பு அடையாளம். பொருத்துகிறவர்களுக்கென்று ஃபோர்டு வெளியிட்ட வழிகாட்டியில் அவை எங்கே இருக்கின்றன, எந்த நிறம் என்று இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தே பிரிக்கலாம். ஆலை ஒயர் துணி டேப் சுற்றி, நெளிவுக் குழாய்க்குள், கிளிப் போட்டு உடம்பின் மடிப்பை ஒட்டியே போகும். பின்னால் வந்தது குறுக்கே ஓடும், கருப்புப் பிளாஸ்டிக் டேப் பசை உருகி ஒட்டும், ஜிப் டை போட்டுக் கட்டியிருக்கும்.

அப்புறம் அந்த நீல, சிவப்பு கடிக் கிளிப்கள். ஆலை ஒயரின் தோலைக் கடித்து உள்ளே செம்பைத் தொட்டு மின்சாரம் எடுக்கிற கிளிப். அதைத் திறந்தால் பத்து வருஷ ஈரம் குடித்து செம்பு பச்சையாகப் பூத்திருக்கும், பாதி இழை அறுந்திருக்கும். கிளிப்பை எடுத்துவிட்டு டேப் சுற்றிவிட்டு வரக் கூடாது. அந்த இடத்தை இரண்டு பக்கமும் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, அதே தடிமன், அதே நிற ஒயர்த் துண்டை இடையில் வைத்து இணைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். பிரேக் விளக்கு ஒயரும் இண்டிகேட்டர் ஒயரும் கட்டாயம் கடிபட்டிருக்கும். ஹெட்லைட் மாறி மாறி எரிவதற்காக அதன் ஒயரையும் வெட்டியிருப்பார்கள், பாருங்கள்.

மஞ்சள் உறை போட்ட ஒயரைத் தொடாதீர்கள். அது ஏர்பேக். அதன் கனெக்டரைக் கழற்ற வேண்டி வந்தால் பேட்டரியை முழுக்கத் துண்டித்துவிட்டுச் சில நிமிஷம் காத்திருந்து செய்யுங்கள். அதில் சோதனை விளக்கு வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

வெள்ளைக்கதவு:

நாலு வார இறுதி போய்விட்டது, கணக்கோடு வருகிறேன். கசிவு முதலில் 340 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு எட்டு ஆம்பியர் மணிக்கு மேல் வீணாகப் போயிருக்கிறது, பேட்டரி ஒரு வாரம் தாங்கியதே பெரிது.

முன்சீட்டுகளைக் கழற்றி ரப்பர்த் தரையைத் தூக்கினேன். நடு மேட்டின் இரண்டு பக்கமும் ஒரு கைப்பிடித் தடிமனுக்கு ஒயர்க் கட்டு டிக்கி வரை போகிறது. ஒவ்வொன்றாக நுனியைப் பிடித்து மறு நுனி வரை தடவிப் போய், ஆலையுடையது இல்லை என்று உறுதியான பிறகுதான் இழுத்தேன். எடுத்ததை எடை போட்டேன், 14 கிலோ. கடிக் கிளிப் 23. கம்பிச்சிக்கல் அண்ணன் சொன்ன அதே பச்சைப் பூப்பு. பிரேக் விளக்கு ஒயரில் ஏழு இழை மட்டும்தான் முழுசாக இருந்தது.

கசிவுக்குக் காரணம், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் டேப்பில் சுற்றி ஒளிந்திருந்த ஒரு டைமர் ரிலே. சாவி எடுத்த பிறகும் ரேடியோவுக்குக் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுக்க வைத்தது. ரேடியோ போய்விட்டது, இது மட்டும் இத்தனை நாளும் தனியாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை எடுத்ததும் 28 மில்லி ஆம்பியர். ராத்திரி பதினோரு மணி, மீட்டரைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆலை விட்ட காலி இணைப்புகள் இரண்டும் மூடியோடு பத்திரமாக இருக்கின்றன. ஒன்றின் மூடி பிரிக்கப்படவே இல்லை.

கம்பிச்சிக்கல்:

இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்த மூடியைப் பிரிக்காமலே விடுங்கள்.

டிங்கர்தாசன்:

இப்போது என் துறை. கூரை ஓட்டை என்ன அளவு? 19 மி.மீ. என்றால் ஆன்டெனா, இந்த வண்டிகளில் அதுதான் வழக்கம். முதலில் ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு வரை ஆலை ப்ரைமரும் பெயின்ட்டும் உள்ளே மடங்கி வந்திருந்தால் பெயின்ட் அடிக்கும் முன்னே போட்ட ஓட்டை. வெறும் இரும்பு தெரிந்து துரு வட்டம் இருந்தால் பின்னால் துளைத்தது.

பின்னால் துளைத்தது என்றால் ரப்பர் மூடி, பட்டி, பைபர் எதுவும் வேண்டாம். வெல்டிங்தான். கூரையின் உள் அட்டையை முழுக்க இறக்குங்கள், இல்லையென்றால் தீப்பொறி விழுந்து பற்றிக்கொள்ளும். ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலம் இரண்டு பக்கமும் பெயின்ட்டை எடுத்து, அதே தடிமன் தகட்டில் வட்டம் வெட்டி, மயிரிழை இடைவெளியோடு உட்கார வையுங்கள். பின்பக்கம் செம்புத் தகடு பிடிக்க ஒரு ஆள் வேண்டும். 0.6 மி.மீ. கம்பி, ஒரு பொட்டு வையுங்கள், ஆறட்டும், எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு. கையால் தொட்டால் சுடக் கூடாது, அதற்கப்புறம்தான் அடுத்தது. கூரையின் நடுவில் வளைவு ரொம்பக் குறைவு. அவசரப்பட்டு ஒரே இழுப்பில் சுற்றி வெல்ட் வைத்தால் தகடு தாம்பாளத் தட்டு மாதிரி நெளிந்துவிடும், பிறகு அழுத்தினால் டப் டப் என்று அடிக்கும். கருப்பு வண்டியில் அந்த நெளிவை வெயில் காட்டிக் கொடுத்துவிடும்.

ரோந்து_ஓய்வு:

டிங்கர்தாசன் சொல்வது சரியான முறை, ஆனால் வெல்டிங்கில் பழகாத கைக்கு நான் வேறு சொல்வேன். ஓட்டைக்கு அடியில் ஒரு பெரிய வட்டத் தகட்டைப் பேனல் பசையால் ஒட்டி, மேல் குழியில் சின்ன வட்டத்தை வைத்து நிரப்பினால் சூடே கிடையாது, நெளிவும் கிடையாது. ஆலைகளே இப்போது பல இடங்களில் பசையால்தான் ஒட்டுகின்றன.

டிங்கர்தாசன்:

சார், பசை பிடிக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரும்பும் பசையும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. இரண்டு கோடை போனதும் பெயின்ட்டுக்கு மேலே நாணயம் அளவுக்கு ஒரு வளையம் மெல்லியதாகத் தெரியும். வெள்ளை வண்டியில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கருப்பில் கூரையின் நடுவில் மூன்று வளையம்! கை பழகவில்லை என்றால் பழைய பானெட் ஒன்றை வாங்கி இருபது ஓட்டை போட்டு இருபதையும் மூடிப் பழகட்டும். இருபதாவது நன்றாக வரும்.

வெள்ளைக்கதவு:

பழைய பானெட் வாங்கிவிட்டேன். முதல் ஆறு ஓட்டை பெரிதாகித்தான் போனது. பதினான்காவதிலிருந்து பின்பக்கம் சமமாக உருகி வந்தது. கூரை மூன்றும் துரு வட்டம் உள்ள ஓட்டைகள்தான், டிக்கியில் உள்ளதும் அப்படியே. நான்கையும் வெல்ட் வைத்து முடித்தேன். ஒரு ஓட்டைக்கு ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் ஆறுவதற்குக் காத்திருந்ததுதான். தட்டினால் ஓசை மாறவில்லை, நெளிவு இல்லை.

பெயின்ட்டில்தான் இப்போது குழப்பம். வெள்ளைக் கதவு பெயின்ட் இல்லை, வினைல் ஸ்டிக்கர்த் தாள். கதவைத் திறந்து ஓரத்தைப் பார்த்தால் மடித்து ஒட்டின விளிம்பு தெரிகிறது. ஒரு மூலையை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துப் பார்த்தேன். அடியில் கருப்பு கண்ணாடி மாதிரி இருக்கிறது! வெயிலே பார்க்காத பெயின்ட். ஆனால் பக்கத்து ஃபெண்டர் மங்கிப்போய் சாம்பல் ஓடியிருக்கிறது. நாலு கதவும் உரித்தால் வண்டி இரண்டு கருப்பாக நிற்குமே?

டிங்கர்தாசன்:

அது வரம், குழப்பம் இல்லை. ஆலை நிறம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி உங்கள் கதவில் மூடி வைத்திருந்திருக்கிறது. முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பெயின்ட் தடிமன் மீட்டரால் ஃபெண்டரையும் பானெட்டையும் அளந்து பாருங்கள். 100இலிருந்து 150 மைக்ரான் வரை வந்தால் ஆலைப் பெயின்ட் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் ஓடுவது பெரும்பாலும் மேல் கிளியரின், அதாவது நிறத்துக்கு மேலே அடித்த நிறமில்லாப் பூச்சின், செத்துப்போன தோல்தான். பாலிஷ் காம்பவுண்டால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, கதவோடு ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். கிளியர் மொத்தமே 40, 50 மைக்ரான்தான். அதில் பத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஃபெண்டரில் பேய் மாதிரி தெரிகிற எண்ணும் பாதிக்கு மேல் இதில் போய்விடும். எண்ணுக்கு அடியில் இருந்த பெயின்ட் புதுசு, சுற்றியுள்ளது பழசு, அதுதான் எழுத்தாகத் தெரிகிறது. சுற்றியுள்ளதைக் கீழே இறக்கினால் இரண்டும் ஒன்றாகும்.

வினைல் தாளை உரிக்கும்போது சூடு கை தாங்குகிற அளவுக்கு மேல் வேண்டாம். செங்குத்தாக இழுக்காமல், மடித்துத் தன் மேலேயே படுக்கிற மாதிரி மெதுவாக இழுங்கள். இரும்புப் பிளேடு கிட்டேயே வரக் கூடாது.

வெல்ட் வைத்த கூரைக்கும் டிக்கி மூடிக்கும் மட்டும் அடித்தாக வேண்டும். கூரையும் பின்பக்கப் பலகையும் (பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) சேரும் கோடு வெளியே தெரியாது, அதனால் கிளியரைத் தூணில் நடுவில் நிறுத்தினால் கோடு விழும். பின்பக்கப் பலகை முழுக்கக் கீழே வரை கிளியரை இறக்குங்கள்.

புதுசாவி:

இதையெல்லாம் படித்துவிட்டு நானும் ஒரு 2005 பி71 பார்த்து வைத்திருக்கிறேன் அண்ணே. ஓடியது வெறும் 80,000 மைல் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

ரோந்து_ஓய்வு:

மைலை மட்டும் பார்க்காதே தம்பி. ரோந்து வண்டி ஓடுவதைவிட நின்றபடி இன்ஜினை ஓட்டியதுதான் அதிகம். ஏசி, ரேடியோ, கம்ப்யூட்டர், விளக்கு எல்லாம் ஓட வேண்டும், அதனால் எட்டு மணி நேர ஷிஃப்டில் இன்ஜின் அணைவதே அபூர்வம். ஃபோர்டு சொல்லும் கணக்கு, ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் 33 மைல் ஓடியதற்குச் சமம். வெள்ளைக்கதவு, உங்கள் மீட்டரில் ஓடோமீட்டர் பொத்தானை அழுத்தி இன்ஜின் மணி நேரம் பாருங்கள்.

2005இல் நீ பார்க்க வேண்டிய இன்னொன்று, விளக்குக் கட்டுப்பாட்டு மாட்யூல். 2003 முதல் 2005 வரை உள்ள வண்டிகளில் அதன் சால்டர் விரிசல் விட்டு ஹெட்லைட் திடீரென்று அணைவது தெரிந்த விஷயம். அது மாற்றப்பட்டதா என்று வின் எண்ணை வைத்து விசாரி. பெட்ரோல் டாங்கின் முன்னால், ஆக்சில் பக்கம் பிளாஸ்டிக் கவசம் இருக்கிறதா என்றும் குனிந்து பார். பின்னால் மோதிய விபத்துகளில் தீப்பிடித்த பிறகு 2002இல் போலீஸ் வண்டிகளுக்கு ஃபோர்டு கொடுத்த கவசம் அது. ‘பழைய வண்டியில் ஆலையில் இது இல்லையே’ என்று அசல் பைத்தியத்தில் அதைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிருக்குப் பின்னால்தான் அசல்.

வெள்ளைக்கதவு:

6,200 மணி நேரம் காட்டுகிறது சார். 96,000 மைலை வகுத்தால் மணிக்குப் பதினைந்து மைல் சொச்சம். பாதி நேரம் நின்றிருந்தது என்று வைத்தாலே இன்னும் ஒரு லட்சம் மைல் கூட்ட வேண்டும். வால்வு கவரைத் திறந்து பார்த்தேன், உள்ளே தேன் நிறம், கரி இல்லை. துறை எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருக்கிறது. அதற்காக அந்த கேரேஜ் ஆட்களை மனசார வாழ்த்துகிறேன்.

இன்னொரு கேள்வி. பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்கவில்லை. கைப்பிடி இருக்கிறது, உள் தண்டு இல்லை. போட்டுவிடட்டுமா?

கேப்ரிஸ்96:

அது ஆலையிலேயே ஆர்டர் செய்யக்கூடிய வசதி. அறிக்கையில் பாருங்கள். ஆனால் அறிக்கையில் இருந்தாலும் போட்டுவிடுங்கள் என்பேன். பின்சீட்டில் வீட்டு ஆட்கள் உட்காருவார்கள், அவசரத்தில் வெளியே வர முடியவில்லை என்றால்? தண்டு போடுவது எதையும் வெட்டாத வேலை, நாளைக்குத் திரும்ப எடுக்கலாம். எடுத்த பாகம், போட்ட பாகம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டு வையுங்கள்.

வெள்ளைக்கதவு:

அறிக்கை வந்துவிட்டது. கருப்பு, ஒற்றை நிறம். பின் கதவு உள் கைப்பிடி இயங்காதது, ஆலையில்தான். அக்கா சொன்னபடி தண்டு போட்டுவிட்டேன், பெட்டியில் சீட்டும் எழுதியாயிற்று.

இப்போதுதான் முக்கியமானது. டிரைவர் பக்கத் தூணில் சிலிகான் அடைத்த அந்த ஓட்டை. போன வாரம் வெல்ட் வைக்கத் தகடு வட்டம் கூட வெட்டித் தயாராக வைத்திருந்தேன். அறிக்கையில் ஒரு வரி: இடது ஸ்பாட்லைட், ஆலையில் பொருத்தியது. ஏலத்துக்கு முன் யாரோ அதையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறார்கள். அதை மூடியிருந்தால் ஆலை செய்ததை நானே அழித்திருப்பேன்.

டிங்கர்தாசன்:

நான்தான் எல்லா ஓட்டையும் வெல்ட் என்று அவசரப்படுத்தினேன். மன்னிக்கவும். அக்கா அறிக்கைக்குக் காத்திருக்கச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி!

ரோந்து_ஓய்வு:

அது யூனிட்டி கம்பெனியின் ஆறு அங்குல விளக்கு. வாங்கும்போது இடது பக்கத்துக்கு உரியதா, இந்த உடம்புக்கு உரிய தூண் அடைப்பும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். தண்டின் நீளமும் கோணமும் காருக்குக் கார் வேறு. மாட்டும்போது சிலிகானை முழுக்கச் சுரண்டி, ஓட்டை விளிம்பில் துரு இருந்தால் நிறுத்தி ப்ரைமர் வைத்துவிட்டு மாட்டுங்கள். தண்ணீர் இறங்கினால் நேராக ஃப்யூஸ் பெட்டிப் பக்கம்தான் போகும்.

வெள்ளைக்கதவு:

இரண்டு மாதம் தேடினேன். இன்னொரு 2008 வண்டியை உடைத்து விற்கிற இடத்தில் கிடைத்தது, தூண் அடைப்பும் கைப்பிடியும் சேர்த்து. கண்ணாடியில் கல் பட்ட ஒரு புள்ளி, மற்றபடி சுத்தம். அதே தண்டு, அதே கோணம். சிலிகானைச் சுரண்டியதும் அடியில் ஓட்டையின் விளிம்பு சுத்தமான வட்டமாக, துரு ஒரு துளி இல்லாமல் வந்தது. விளக்குக்கான ஒயரைத் தூணுக்குள் தேடினேன், ஆலை துணி டேப் சுற்றி, கனெக்டரோடு, மேலே ஒதுக்கி வைத்தபடி இருந்தது. அதை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மாட்டினேன், கிளிக் என்று உட்கார்ந்தது.

கூரை, டிக்கி மூடி, பின்பக்கப் பலகை பெயின்ட் போன வாரம் முடிந்தது. கதவும் ஃபெண்டரும் வெயிலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கருப்பு. வலது ஃபெண்டரில் எண் முழுக்கப் போகவில்லை, சாயங்கால வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் கடைசி இலக்கமான 7 மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இன்னும் மூன்று மைக்ரான் எடுத்தால் போகும், ஆனால் மீட்டர் போதும் என்கிறது. விட்டுவிட்டேன்.

நேற்று இருட்டியதும் உள்ளே உட்கார்ந்து ஸ்பாட்லைட் கைப்பிடியைத் திருப்பினேன். வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஒரு தட்டு மாதிரி விழுந்து, கை போன பக்கமெல்லாம் போனது.

கேப்ரிஸ்96:

படம் போடுங்கள் தம்பி, அந்த 7 தெரிகிற மாதிரி.

வெள்ளைக்கதவு:

ஞாயிறு காலை வெயில் வந்ததும் எடுத்துப் போடுகிறேன் அக்கா. ஆயில் கூலரையும் சேர்த்து.